மூக்கு கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

நாள்பட்ட சைனஸ் அழற்சி பற்றிய எங்கள் ஆய்வில் ஆட்களைப் பார்க்கும் வேலை முடிந்தது; கணக்குப் போடும் வேலை இனிமேல்தான். முடிவுகள் அச்சில் வரும்போது நன்றிக்கு இரண்டு வரிதான் கிடைக்கும், அதுவும் பொடி எழுத்தில். ஆகவே இப்போதே விரிவாகச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் சாக்கரின் சோதனைக்கு உட்கார்ந்தவர்கள். மூக்கின் உள்ளே, கீழ்ச்சுருள் எலும்பின் முன்முனையிலிருந்து 1 செ.மீ. பின்னால், 1 மி.மீ. அளவில் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பின் ஒரு துணுக்கு வைத்தோம். உட்சுவரின் நுண்மயிர்கள் சளிப்படலத்தோடு அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். இனிப்பு தட்டும்வரை ஆகும் நேரம்தான் அளவு. 20 நிமிடத்துக்குள் தட்டினால் நல்லது, அரை மணியைத் தாண்டினால் மயிர்கள் வேலை செய்யவில்லை என்று பொருள். அதுவரை தும்மக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, மூக்கை உறிஞ்சவும் கூடாது. சளி ஒழுகுகிறவரிடம் உறிஞ்சாதீர்கள் என்று சொல்வது கொடுமைதான். ஆனால் ஒரே ஒரு உறிஞ்சலிலோ, தலையை அண்ணாந்தாலோ துணுக்கு தானாகப் பின்னால் வழுக்கிவிடும்; நோயுள்ள மூக்கும் ஏட்டில் நல்ல மூக்காகப் பதிவாகிவிடும். இனிக்கவே இல்லை என்றவர்களுக்குக் கடைசியில் நாக்கிலேயே கொஞ்சம் வைத்துப் பார்த்தோம். சுவை தெரியாதவரை மயிர்க் கோளாறுக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாதே! சீக்கிரம் எழுந்து போகலாம் என்று முன்கூட்டியே கை தூக்காமல், நிச்சயமான பிறகே தூக்கினீர்களே, அதற்குத்தான் இந்த நன்றி.

வாசனைச் சோதனைக்கு வந்த பெண்கள் தலையிலிருந்த மல்லிகையைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்தார்கள். சோதனைக்கு முந்தைய 15 நிமிடம் யாரும் காபி குடிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் 40 வாசனைத் தொகுப்பில் ரூட் பீர் என்ற பானம், பூசணிப் பை (pie) என்ற பலகாரம் எல்லாம் இருக்கின்றன. முகர்ந்தே அறியாத ஒன்றை ஒருவர் தவறவிட்டால் அது மூக்கின் குற்றமாகாது. ஏலக்காய், பெருங்காயம், கிராம்பு என்று மாற்றுப் பட்டியல் சொன்ன மளிகைக் கடைக்காரர்களுக்கும் சமையல்காரர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். கற்பூரத்தையும் யூகலிப்டஸ் தைலத்தையும் ஏன் சேர்க்கவில்லை என்று பலர் கேட்டீர்கள். அவற்றின் குளிர்ச்சியும் காரமும் வாசனை நரம்பு வழியாக மட்டுமல்ல, முகத்தின் தொடு உணர்ச்சிக்கான முக்கிளை நரம்பு வழியாகவும் உறைக்கும். வாசனையே தெரியாதவரும் அவற்றைக் கண்டுபிடித்துவிடுவார்.

அறுவை அரங்கின் செவிலியர்கள் இல்லையென்றால் திசு ஆய்வு கால்வாசிகூட நடந்திருக்காது. எடுத்த சதை இரண்டு குப்பிகளுக்குப் போக வேண்டும். ஒன்றில் சதையைப் பதப்படுத்தும் 10 சதவீத ஃபார்மலின், சதையின் அளவைப்போல் பத்து மடங்கு. அதற்குக் குறைந்தால் நடுப்பகுதி பதப்படாமல் கெட்டுவிடும். மற்றதில் வெறும் சலைன், பூஞ்சை வளர்ப்புக்கு. அவசரத்தில் இரண்டும் ஃபார்மலினுக்குள் போனால் பூஞ்சை செத்துவிடும். பிறகு எத்தனை வாரம் காத்திருந்தாலும் தட்டில் ஒன்றும் முளைக்காது. பூஞ்சை ஒவ்வாமை சைனஸில் வரும் அந்தக் கெட்டியான பசைச் சளி, பெரும்பாலும் உறிஞ்சு குழாய் வழியே போய்க் கழிவு ஜாடியில் விழுந்துவிடும். நோய் எது என்று சொல்வதே அதுதான். குழாயின் நடுவே பிடிகுப்பி மாட்டி அதைக் காப்பாற்றிக் கொடுத்தது நீங்கள். ஆய்வகத்தில் 400 மடங்கு பெருக்கத்தில் நுண்ணோக்கியில் ஒரு பார்வையில் தெரியும் பரப்பான புலம் புலமாக, இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களை எண்ணியவர்களுக்கு எங்கள் வணக்கம். ஒரு புலத்துக்கு 10 என்பதுதான் எல்லைக்கோடு என்பதால், அங்கே 9-க்கும் 11-க்கும் இடையே நோயின் வகையே மாறிவிடும்.

இந்த எண்ணிக்கையை ஸ்டீராய்டு மாத்திரை சத்தமில்லாமல் குறைத்துவிடும். அதனால்தான் முந்தைய நான்கு வாரத்தில் அதை எடுத்தவர்களைச் சேர்க்கவில்லை. "மருந்துக்கடையில வாங்கி ரெண்டு நாள் போட்டேன் சார்" என்று தாமாகவே வந்து சொன்னவர்கள் ஆய்விலிருந்து விலக வேண்டியதாயிற்று. ஆனாலும் அவர்கள் செய்த உபகாரம் பெரிது.

நோயின் தொல்லையை நோயாளியே மதிப்பிடும் 22 கேள்விப் படிவத்துக்கும் இதே நேர்மை தேவைப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 110. ஏறக்குறைய 9 மதிப்பெண் குறைந்தால்தான் நோயாளி உணரும் அளவுக்குக் குணம் என்று எடுத்துக்கொள்கிறோம். டாக்டர் மனம் நோகக் கூடாதென்று எல்லாவற்றிலும் ஒன்றொன்று குறைத்துப் போட்டாலே 22 இறங்கிவிடும்! தனி அறையில் படிவத்தைக் கொடுத்தது அதற்காகத்தான். ஜலதோஷத்தோடு வந்து, சிடி ஸ்கேனுக்கு இன்னொரு நாள் வரச் சொன்னபோது முகம் சுளிக்காதவர்களுக்கும் நன்றி. சாதாரண சளியே ஸ்கேனில் சைனஸ்களை நிழலடிக்க வைக்கும்.

பாதியில் விலகியவர்களும் இந்த மடலில் உண்டு. உங்கள் பெயரை நாங்கள் அடிக்கவில்லை. எந்தச் சிகிச்சைக் குழுவில் சேர்ந்தீர்களோ அந்தக் குழுவின் கணக்கில்தான் இருப்பீர்கள். மூக்கைக் கழுவக் கொடுத்த உப்புநீர் எரிகிறது, காது அடைக்கிறது என்று காரணம் சொல்லிவிட்டுப் போனது மிகவும் உதவியது. எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் உப்பின் அளவு: 240 மி.லி. நீருக்கு 2 கிராமுக்குச் சற்று மேல் இருப்பதுதான் சரி. கல் உப்பையும் தூள் உப்பையும் ஒரே கரண்டியால் அளந்தால் எடை மாறிவிடும். காது அடைத்தால் புட்டியை மெதுவாக அழுத்துங்கள். வாயைத் திறந்து வைத்து, நீர் ஓடும்போது விழுங்காமல் இருங்கள்.

கொடுத்த புட்டிகளைத் திருப்பித் தர வேண்டாம். தொடர்ந்து கழுவுகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதிது வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதித்து ஆறியதாக இருக்கட்டும். குழாய் நீரோ கேன் நீரோ நேராக வேண்டாம். குடித்தால் ஒன்றும் செய்யாத அமீபா மூக்கு வழியே போனால் மூளையைத் தாக்கும்.

இப்படிக்கு,
ஆய்வுக் குழுவினர்