லினக்ஸ் போட்டதால் வாரண்டி இல்லை என்று மறுத்தது பற்றிய முறைப்பாடு

விசுவமடு,
முல்லைத்தீவு மாவட்டம்.
ஜனவரி 2026

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர்,
தலைமை அலுவலகம்,
கொழும்பு.

விடயம்: கிளிநொச்சிக் கிளையில் வாங்கிய கணினிக்கு வாரண்டி மறுக்கப்பட்டமை, ஆயுள் முடியப்போகும் விண்டோஸை அறிவிக்காமல் விற்றமை

மதிப்பிற்குரிய ஐயா/அம்மணி,

2025 பெப்ரவரியில் உங்கள் கிளிநொச்சிக் கிளையில் மூன்று மேசைக் கணினிகள் வாங்கினேன். மூன்றும் ஒரே மாடல். பாவித்துத் திருத்தியவை. இன்டெல் ஆறாம் தலைமுறைப் புரொசெசர், 8 ஜிபி ராம், சாதாரண ஹார்ட் டிஸ்க். பற்றுச்சீட்டில் "அசல் விண்டோஸ் 10 ஹோம், ஒரு வருட வாரண்டி" என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறது. அதன் பிரதியை இணைத்திருக்கிறேன்.

கடந்த டிசம்பர் மழைக்குள் அவற்றில் ஒன்றின் பவர் சப்ளை செத்துவிட்டது. கிளைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தொழில்நுட்பத் தம்பி அக்கறையாகத்தான் பார்த்தார். வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் போட்டதும் கணினி உடனே எழும்பியது. திரையில் லினக்ஸ் மின்ட் என்ற பெயர் வந்தது. விண்டோஸுக்குப் பதிலாக அந்த ஒரு கணினியில் நான் போட்டிருந்த இலவச இயங்குதளம் அது. அதைக் கண்டதும் பொறுப்பாளரைக் கூப்பிட்டார்கள். "நாங்கள் தந்தது விண்டோஸ். நீங்கள் அதை அழித்து லினக்ஸ் போட்டிருக்கிறீர்கள். இனி வாரண்டி இல்லை" என்று அவர் சொன்னார். மாட்டிய பவர் சப்ளையைக் கழற்றி எடுத்துக்கொண்டு கணினியை என்னிடமே திருப்பித் தந்தார்கள்.

உங்கள் ஆட்களே, உங்கள் மேசையிலேயே, பழுது பவர் சப்ளையில் மட்டும்தான் என்று கண்டுபிடித்தார்கள். அதை மாற்றினால் மற்ற எல்லாம் சரியாக ஓடுகிறது என்பதையும் கண்ணால் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் மறுத்தார்கள். இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

பவர் சப்ளை என்பது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கிற பெட்டி. அது கொடுத்தால்தான் மதர்போர்ட் எழும்பும். அதற்குப் பிறகு பயோஸ், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கிற சிறு நிரல். அதற்கும் பிறகுதான் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது விண்டோஸா லினக்ஸா என்ற பேச்சே வரும். கடைசியாக வருகிற ஒன்று, முதலாவதாக இருக்கிற பெட்டியை எப்படி எரிக்கும்? உழவு இயந்திரத்தின் பற்றரி செத்துப்போய்க் கொண்டுவந்தவரிடம் யாருடைய வயலை உழுதீர்கள் என்று கேட்டு வாரண்டியை மறுக்கிற கடை எங்கள் ஊரில் இல்லை. வாரண்டி அட்டையின் பின்பக்கத்தை முழுவதும் வாசித்தேன். தண்ணீர், மின்னல், முத்திரை உடைத்தல், கீழே விழுதல் என்று எழுதியிருக்கிறது. இயங்குதளத்தை மாற்றுவது பற்றி ஒரு வரிகூட இல்லை. முத்திரையும் அப்படியே இருக்கிறது. லினக்ஸ் போடுவதற்கு ஒரு பென் டிரைவ் போதும், பெட்டியைத் திறக்கத் தேவையில்லை.

இத்தோடு கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் பொறுப்பாளர் இன்னொன்றும் சொன்னார்: "லினக்ஸ் நம்பி வைக்கக்கூடிய சாமான் இல்லை. உலகமே விண்டோஸில்தான் ஓடுது." அவர் அதைக் கடையில் நின்ற மற்ற வாடிக்கையாளர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னார். ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரிக் கணினிகளை ஒரே கரண்டில், ஒரே மேசையில், இரண்டு விண்டோஸாகவும் ஒன்று லினக்ஸாகவும் பல மாதங்கள் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது.

எங்களுடையது பரந்தன் - முல்லைத்தீவு வீதியோரம் இருக்கிற ஒரு கொமினிகேஷன். போட்டோக் கொப்பி, ஸ்கேன், தமிழில் கடிதம் அடித்தல், பரீட்சை விண்ணப்பம், பிரதேச செயலகத்துக்கான படிவங்கள், கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்கான பிரதிகள். இங்கே ஒரு பிறப்புச் சான்றிதழின் பிரதி சாதாரணக் காகிதம் இல்லை. 2009 இல் இடம்பெயர்ந்து ஓடியபோது ஆவணங்களைத் தொலைத்து, பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைந்து மறுபடி எடுத்த குடும்பங்கள் எங்களிடம் வருகின்றன. அவர்கள் ஸ்கேன் பண்ணக் கொடுக்கிற காணி உறுதியும் அடையாள அட்டையும் எங்கள் கணினிக்குள்ளே போகின்றன. அதனால் கணினி நின்றுபோவதும் வைரஸ் புகுவதும் எங்களுக்கு லேசான விடயம் இல்லை.

முதலில் கரண்ட். மழைக்காலத்தில் இந்த வீதியில் கரண்ட் சொல்லாமல் போகும், சொல்லாமல் வரும். யூபிஎஸ் இருக்கிறது, ஆனால் அது சில நிமிடங்களுக்குத்தான். விண்டோஸ் 10 தானாகவே அப்டேட்டை இறக்கி, அணைக்கும் நேரத்திலோ மறுபடி எழும்பும் நேரத்திலோ அதை நிறுவத் தொடங்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அந்த வேலை யூபிஎஸ் தாங்குகிற நேரத்தை விட நீளமாகப் போகும். நடுவில் கரண்ட் போனால், அடுத்த முறை போடும்போது செய்த மாற்றங்களை எல்லாம் திரும்ப எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நெடுநேரம் நிற்கும். சாதாரண தர விண்ணப்பத்தின் கடைசி நாளில் பிள்ளைகள் தாய்மாரோடு வரிசையில் நிற்க, இரண்டு திரைகளும் அப்படி நின்ற காலையை நான் மறக்கவில்லை. வேலை நேரத்தைக் குறித்துக் கொடுத்தால் அதற்குள் தானாக மறுதொடக்கம் செய்யாது என்பது உண்மை, குறித்தும் வைத்தோம். ஆனால் அந்த வசதிக்கு எங்கள் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாதே. லினக்ஸ் மின்ட்டில் அப்டேட் இருக்கிறது என்று ஓர் அடையாளம் வரும், அவ்வளவுதான். நாங்கள் அழுத்தினால்தான் நிறுவும். வெயில் நல்லாக இருக்கிற காலையில் அழுத்துவோம், அது ஓடிக்கொண்டிருக்க நாங்கள் கடிதம் அடிப்போம்.

லினக்ஸுக்குக் கரண்ட் போனால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வரவில்லை. அப்டேட்டுக்கு நடுவில் போனால் அதுவும் அரைகுறையாகத்தான் நிற்கும். ஒருமுறை அப்படி நின்றபோது, அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற என் அக்காவின் மகன் ஒரு கட்டளை அடித்துச் சரிசெய்தான். டிஸ்க்கில் கோப்புகளை எழுதிவைக்கிற கோப்பு முறையைப் பார்த்தாலும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் எக்ஸ்ட்4 இரண்டுமே எழுதப்போவதை முன்கூட்டியே குறித்துவைத்து, திடீரென்று அணைந்தாலும் மீளக்கூடியவை. அந்த இடத்தில் இரண்டும் சமம். எந்த வேலையை எப்போது செய்வது என்பதை யார் முடிவுசெய்கிறார்கள் என்பதில்தான் எங்களுக்கு வித்தியாசம் தெரிந்தது.

அப்புறம் பென் டிரைவ். கொமினிகேஷன் நடத்துகிற எவருக்கும் தெரிந்த தொல்லை இது. ஒருவர் பென் டிரைவைக் கொண்டுவந்து குத்துவார், உள்ளே கோப்புகளுக்குப் பதிலாக வெறும் ஷோட்கட்கள் இருக்கும். விண்டோஸில் அதில் ஒன்றைத் தெரியாமல் அழுத்தினால் வைரஸ் கணினிக்குள் ஏறி, அடுத்தடுத்து வருகிறவர்களின் பென் டிரைவுக்கும் தொற்றும். அந்த வைரஸ்கள் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை, லினக்ஸில் அவை ஓடுவதில்லை. மறைத்துவைத்த கோப்புகளைக் காட்டு என்று சொன்னால் வாடிக்கையாளரின் உண்மையான கோப்புகள் அப்படியே கிடக்கும். எடுத்துக் கொடுத்துவிடலாம். இப்போது எங்களிடம் வருகிற எந்தப் பென் டிரைவும் முதலில் லினக்ஸ் கணினிக்குத்தான் போகும். அதாவது, போனது. அது டிசம்பரிலிருந்து பவர் சப்ளை இல்லாமல் மூலையில் இருக்கிறது. நான் இவ்வளவு அவசரப்படுவதற்கு இதுதான் காரணம்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காலையில் போட்டதும் விண்டோஸ் கணினியின் டிஸ்க் நூறு வீதத்தில் நின்று இரையும். லினக்ஸ் அதே டிஸ்க்கில் அதை விடச் சீக்கிரம் வேலைக்கு வந்துவிடும்.

இருந்தும் மற்ற இரண்டையும் விண்டோஸிலேயே வைத்திருக்கிறோம், அதற்கும் காரணம் இருக்கிறது. அலுவலகங்களிலிருந்து வருகிற படிவங்கள் பல இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில், வேர்டில் செய்தவை. பாமினியை லினக்ஸில் போடலாம், ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கிறது. ஆனால் கட்டங்கள் நிறைந்த படிவத்தை, லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாகப் பாவிக்கிற லிப்ரே ஒஃபிஸில் திறந்தால் கோடு இடம்மாறிவிடும். கையெழுத்து இடம் அடுத்த பக்கத்துக்குப் போன படிவத்தை அலுவலகத்தில் எடுக்கமாட்டார்கள். அடையாள அட்டைப் படம் வெட்டுவதற்குப் பழகிய போட்டோஷொப்பும் லினக்ஸுக்கு இல்லை. எங்கள் பழைய பிரிண்டர் ஒன்று விண்டோஸில் மட்டும்தான் ஒழுங்காகப் பேசுகிறது. அந்த வேலைகளுக்கு விண்டோஸ்தான் நம்பகமானது. மாக் பற்றி இங்கே பேசிப் பயனில்லை. அந்த விலைக்கு எங்கள் கடையின் எல்லாக் கணினிகளையும் மாற்றலாம்.

உலகமே விண்டோஸில் ஓடுகிறது என்ற பேச்சுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 19 அன்று, க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட் ஒன்றால் ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் தடுமாறின. அது விண்டோஸின் சொந்தப் பிழை இல்லைதான். ஆனால் எல்லோரும் பாவிக்கிறார்கள் என்பது உத்தரவாதம் ஆகாது என்பதை அன்று எல்லோரும் பார்த்தோம். மறுபக்கம், உலகின் வேகமான 500 சுப்பர் கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து இருப்பவை எல்லாம் லினக்ஸில் ஓடுபவைதான். பொறுப்பாளர் மேசையில் வைத்திருந்த அன்ட்ரொய்ட் கைபேசியின் இயங்குதளத்துக்குள்ளே இருக்கிற கருவும் லினக்ஸ்தான். நம்ப முடியாத சாமான் என்று அதை ஒரு விற்பனையாளர் வாடிக்கையாளர்கள் முன்னால் சொல்வது சரியில்லை.

இனி, இரண்டாவது முறைப்பாடு. எனக்கு இதுதான் பெரிது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடியும் என்பதை மைக்ரோசொஃப்ட் பல வருடங்களுக்கு முன்பே அறிவித்துவிட்டது. நீங்கள் எனக்கு விற்றது அதே வருடம் பெப்ரவரியில். அதாவது, வாரண்டி முடிவதற்கு முன்பே பாதுகாப்பு அப்டேட் முடியப்போகிற பொருளை விற்றீர்கள். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அது இன்டெலில், ஒருசில விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஆதரிக்கப்படுகிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நீங்கள் தந்தது ஆறாம் தலைமுறை. இது உங்களுக்குத் தெரியாத விடயம் இல்லை, கணினி விற்பதே உங்கள் தொழில். வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கொஞ்சம் கூடக் கொடுத்துப் புதிய தலைமுறை வாங்குவதா, இதையே குறைந்த விலைக்கு வாங்கி லினக்ஸ் போடுவதா என்று நான் யோசித்திருப்பேன். 2026 ஒக்டோபர் வரை மேலதிகப் பாதுகாப்பு அப்டேட் பெற மைக்ரோசொஃப்ட் ஒரு வழி வைத்திருக்கிறது என்பதைக்கூட மருமகன் சொல்லித்தான் அறிந்தேன். உங்கள் கிளை சொல்லவில்லை.

இதற்கு மேலாக, "அசல் விண்டோஸ்" என்று பற்றுச்சீட்டில் போட்டுத் தந்த இரண்டு கணினிகளிலும் இப்போது விண்டோஸின் உரிமத்தைச் செயற்படுத்தச் சொல்லும் எழுத்து (Activate Windows) திரையின் மூலையில் வந்திருக்கிறது. கிளையில் கேட்டால் உரிமத்தை மறுபடி செயற்படுத்துவதற்குத் தனியாகக் காசு என்கிறார்கள். அசல் உரிமத்துக்கு நான் ஏற்கனவே காசு கொடுத்துவிட்டேன்.

ஆகவே பின்வருவனவற்றை எதிர்பார்க்கிறேன். பழுதான பவர் சப்ளையை வாரண்டியின் கீழ் இலவசமாக மாற்றித் தர வேண்டும். வருகிற பெப்ரவரியில் வாரண்டிக் காலம் முடிவதால், நான் பொருளைக் கொண்டுவந்த திகதியையே கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டு விண்டோஸ் கணினிகளுக்கும் செல்லுபடியான உரிமம் தர வேண்டும், அல்லது அதற்குரிய தொகையைத் திருப்பித் தர வேண்டும். இயங்குதளத்தை மாற்றினால் வன்பொருள் வாரண்டி போய்விடுமா இல்லையா என்பதை உங்கள் தலைமை அலுவலகம் எழுத்தில் சொல்ல வேண்டும். இன்றும் உங்கள் கிளையில் விண்டோஸ் 10 போட்ட அதே ஆறாம் தலைமுறைக் கணினிகள் விற்பனைக்கு அடுக்கியிருக்கின்றன. அவற்றின் மேல் ஆதரவு முடிந்துவிட்டது என்ற விபரத்தை ஒட்டுங்கள். அவற்றை வாங்குவது பெரும்பாலும் உயர்தரம் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர். நெல் விற்ற காசில் வாங்குகிறார்கள்.

இக்கடிதம் கிடைத்து இரண்டு வாரங்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், பற்றுச்சீட்டு, வாரண்டி அட்டை ஆகியவற்றோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு பதிவுசெய்வேன். கணினியை உங்கள் கிளைக்குக் கொண்டுவர எந்த நாளும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
கொமினிகேஷன் உரிமையாளர்,
விசுவமடு.

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, வாரண்டி அட்டையின் இருபக்கப் பிரதி, திரையில் வந்த அறிவித்தலின் படம்.