பாறையில் ஒரு தூண் வேண்டும்: நில அளவைத் துறைக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு மடல்

மாநில நில அளவைத் துறை, இந்திய நில அளவைத் துறை ஆகியவற்றின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியன் நான். எங்கள் பக்கத்துக் கோர்ஸ் நிலையங்களை (CORS, செயற்கைக்கோள் சிக்னலை இடைவிடாமல் பதியும் நிலையான அளவை நிலையங்கள்) பற்றி உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கவே இதை எழுதுகிறேன்: அவற்றின் பதிவைச் சேமித்துத் திறந்துவிடுங்கள், பாறையில் ஒரு நிலையம் கட்டித் தாருங்கள்.

சர்வேயர் வயலில் ரோவரை (கையோடு கொண்டுபோகும் ஜி.பி.எஸ். அளவைக் கருவியை) ஊன்றும்போது, எங்கோ ஓர் இடத்தில் அசையாமல் நிற்கும் கோர்ஸ் ஆன்டெனாதான் அவருக்குத் துணை. இரவு பகல் பாராமல் அது செயற்கைக்கோள் சிக்னலைப் பதிந்துகொண்டே இருக்கிறது. எல்லைக்கல் நட்டு முடிந்ததும் சர்வேயருக்கு அந்தப் பதிவால் வேலை இல்லை. நிலம் நகர்வதைப் படிக்கிறவர்களுக்கோ அதுதான் விதைநெல். அதை அழிக்காமல் சேமித்து வையுங்கள், கல்லூரிகளுக்குக் கட்டணமில்லாமல் திறந்துவிடுங்கள் என்பது என் முதல் கோரிக்கை.

நம் நாட்டைச் சுமக்கும் புவியோட்டுப் பாளமான இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது. நெல்லையப்பர் கோயிலும் தாமிரபரணியும் நம் வீடுகளும் சேர்ந்தே போவதால் நமக்கு எதுவும் தெரிவதில்லை. உலகம் முழுமைக்குமான அளவீட்டுச் சட்டகத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை எழுதிவைத்த எண்ணுக்கு மட்டும் அது தெரியும். 20 ஆண்டில் அந்த எண் ஒரு மீட்டர் விலகிவிடும். ஒரு மீட்டர் என்பது எங்கள் ஊரில் அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிற அளவு. எந்த ஆண்டு, எந்தச் சட்டகம் என்று குறித்துவைத்து, எல்லாவற்றையும் ஒரே ஆண்டுக்கு மாற்றிக் கணக்கிட்டால் சிக்கல் வராது. அந்த மாற்றத்துக்கு இந்த மண் நகரும் வேகம் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இது புவியியலாருக்கு மட்டும் உரிய விஷயமல்ல, உங்கள் துறையின் அன்றாட வேலையும்கூட.

கைபேசி ஜி.பி.எஸ். சில மீட்டர் பிசகும். மில்லிமீட்டர் துல்லியம் எப்படிக் கிடைக்கிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். சுமார் 20,000 கி.மீ. உயரத்திலிருந்து வரும் ரேடியோ அலையின் நீளம் ஏறக்குறைய 19 செ.மீ. நல்ல கருவி அந்த அலையின் கட்டத்தையே (ஃபேஸ்) அலைநீளத்தின் நூறில் ஒரு பங்கு வரை அளந்துவிடும். இரண்டு அலைவரிசைகளைச் சேர்த்துப் பார்த்து வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனிமண்டலம் உண்டாக்கும் தாமதத்தைக் கழிக்கிறார்கள். 24 மணி நேரப் பதிவிலிருந்து ஒரு நாளுக்கு ஒரு புள்ளி கிடைக்கும். அப்படிப் பல ஆண்டுப் புள்ளிகளை வரிசையாக வைத்தால், ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பிழையோடு நகர்வு வேகம் புலப்படும். உயரத்தில் மட்டும் பிழை இரண்டு மூன்று மடங்கு கூடுதல். இடையில் ஓராண்டுப் பதிவு தொலைந்தால், அதை எந்தப் பணத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

"திருநெல்வேலியில் நிலநடுக்கமா, நாம் ஆபத்து குறைந்த மண்டலம்தானே" என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பகுதி குலுங்கி ஏறக்குறைய 10,000 பேர் இறந்தபோது, அந்த மண்ணை அன்றைய வரைபடம் எல்லாவற்றிலும் குறைந்த ஆபத்துள்ள மண்டலத்தில்தான் வைத்திருந்தது. 1900இல் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறக்குறைய 6 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்திருக்கிறது. தட்டின் நடுப்பகுதியில் இறுக்கம் மிக மெதுவாகச் சேரும். அதைக் காண நீண்ட பதிவு வேண்டும். மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் தொடங்கித் தென்காசி, நெல்லைப் பக்கமாக இறங்கும் அச்சன்கோவில் பிளவு மண்டலம் 50 கோடி ஆண்டுக்கும் முந்தையது. அதன் இரு கரையிலும் ஒவ்வொரு நிலையம் இருந்து, இருபது ஆண்டில் இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை என்று தெரிந்தால், அதுவே பெரிய செய்தி. கூடங்குளத்தில் அணு உலைகளை வைத்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு அந்தச் செய்தி எண்ணாக வேண்டும்.

இன்னொரு காரணம் இதைவிட வலுவானது. இமயமலையில் ஆண்டுக்கு 18 முதல் 20 மி.மீ. வரை இந்தியத் தட்டு நெருங்கி இறுக்கம் சேர்கிறது என்கிறார்களே, அது எதை அசையாததாக வைத்து எடுத்த கணக்கு? நம் தென்னிந்தியப் பாறையைத்தான். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாள நிலநடுக்கத்தில் காத்மாண்டு சில நொடிகளில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது. அங்கே அடுத்து எவ்வளவு பாக்கி இருக்கிறது என்ற கணக்கும் இந்தத் தெற்கை நம்பித்தான் நிற்கிறது. 2004இல் சுமத்ரா நிலநடுக்கத்தின்போது இந்தத் தெற்கும் சற்றுக் கிழக்கே இழுபட்டது என்பதையும் செயற்கைக்கோள் அளவைதான் சொன்னது.

இனி இரண்டாவது கோரிக்கை, நிலையம் நிற்கும் இடம். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். தெற்கே தேரி மணல். அவற்றின் மேல் கட்டிய அலுவலக மொட்டை மாடியில் கம்பம் நட்டால், கட்டடம் வெயிலில் விரிவதும் மண் உப்புவதும்தான் பதிவாகும். பட்டா வேலைக்கு அது போதும், புவியோட்டின் நகர்வைப் படிக்கப் போதாது. எங்களிடம் பாறைக்குப் பஞ்சமில்லை. பொத்தைகள் (சிறு பாறைக்குன்றுகள்) எத்தனையோ நிற்கின்றன. குவாரி வெடிச் சத்தம் எட்டாத ஒரு பொத்தையில் துளையிட்டு, பாறையோடு பாறையாக ஆன்டெனாவுக்கு ஒரு தூண் கட்டித் தாருங்கள். பிளவு மண்டலத்தின் இரு பக்கமும் ஒவ்வொன்று என்றால் நிறைவு.

அந்தத் தூண் நிலநடுக்கத்துக்கு மட்டும் காத்திருக்காது. 2017இல் ஹார்வி புயல் கொட்டிய நீரின் எடையில் ஹூஸ்டன் பகுதி நிலம் சுமார் 2 செ.மீ. அமுங்கியதை ஜி.பி.எஸ். நிலையங்கள் காட்டின. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியதே, அன்று எங்கள் நிலம் எவ்வளவு அமுங்கியது? காற்றிலுள்ள நீராவியும் சிக்னலைத் தாமதப்படுத்துவதால், மழைக்கு முந்தைய ஈரத்தையும் இதே பதிவிலிருந்து எடுக்கலாம். புவிக்காந்த நடுக்கோடு எங்களை ஒட்டிப் போவதால் இங்கே அயனிமண்டலத் தொல்லை அதிகம், பொழுது சாய்ந்தபின் இன்னும் அதிகம். அதைப் படிக்கவே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. உங்கள் பதிவு அவர்களுக்கும் பயன்படும்.

வீட்டுப் பாத்திரம் உருள்கிற சிறு அதிர்வை இக்கருவி காட்டாது. அதற்கு நிலநடுக்கமானிதான் வேண்டும். பெரிய நிலநடுக்கத்தில்தான் இதன் அருமை தெரியும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் முதல் எச்சரிக்கை 7.9 என்று குறைத்துச் சொன்னது, உண்மையில் அது 9.0. ஓசிகா தீபகற்பம் 5.3 மீட்டர் நகர்ந்ததை அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களைக் கொண்ட வலையமைப்பு பதிந்திருந்தது. அந்தப் பதிவை உடனுக்குடன் கணக்கிட்டிருந்தால் சுனாமியின் அளவு முன்பே தெரிந்திருக்கும். அதன்பின் அந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டார்கள். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை மக்கள் 2004 சுனாமியை மறக்கவில்லை.

1802இல் பரங்கிமலை அருகே ஆங்கிலேய அதிகாரி லாம்டன் தொடங்கிய நில அளவை குமரிமுனை வரை வந்தது. 1897 அசாம் நிலநடுக்கத்துக்குப் பிறகு பழைய முக்கோணப் புள்ளிகளை மீண்டும் அளந்து, நிலம் இடம்பெயர்ந்ததைக் கண்டது உங்கள் துறைதான். பழைய எண்கள் பத்திரமாக இருந்ததால்தான் அது முடிந்தது.

நாள்தோறும் 30 நொடி இடைவெளிப் பதிவும், ஆன்டெனா மாற்றிய தேதியும் கையில் இருந்தால் போதும். ஆன்டெனா மாறியது தெரியாவிட்டால், நிலம் துள்ளியதாக மாணவர் எழுதிவிடுவார். கணக்கிடும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, பிள்ளைகளும் ஆர்வமாக இருக்கிறார்கள். தூணுக்கு இடம் பார்க்கப் பொறியாளர் ஒருவரை அனுப்பினால், பொத்தை பொத்தையாகக் கூட்டிப்போய்க் காட்ட நாங்கள் தயார். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வந்தால் ஏறுவதற்கு எளிது.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை இயற்பியல் ஆசிரியர் ஒருவர்