ரத்த வாயு கருவியும் ஊட்டியின் காற்றழுத்தமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊட்டியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் ரத்த வாயு கருவியில் (ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் போன்ற வாயுக்களின் அழுத்தத்தை அளப்பது) ஆக்சிஜன் காலிப்ரேஷன், அதாவது அளவைச் சரிபார்த்துத் திருத்துவது, நிலைக்கவே இல்லை, ஆக்சிஜனை உணரும் எலக்ட்ரோடை இரண்டு முறை மாற்றினோம், காலிப்ரேஷனுக்கான காஸ் சிலிண்டரை மாற்றினோம், குழாயில் கசிவு தேடினோம், அப்புறம்தான் பார்த்தோம், கருவிக்குள் காற்றழுத்தம் 760 என்று கடற்கரை ஊர்க் கணக்கில் கிடந்தது. 2,240 மீட்டர் உயரத்தில் இங்கே சுமார் 580 மி.மீ. பாதரசம்தான்! காலிப்ரேஷன் காஸில் ஆக்சிஜன் அழுத்தம் எவ்வளவு என்பதைக் கருவி இந்தக் காற்றழுத்தத்தை வைத்துத்தான் கணக்கிடும்.

இந்தத் தவறோடு அளந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 60 மி.மீ. உள்ள நோயாளிக்கு ஏறக்குறைய 80 என்று காட்டும். மூச்சுத்திணறலில் இருப்பவரை நன்றாக இருக்கிறார் என்று விட்டுவிடுவோம், அதுதான் பயம்.

மலையூர் ஆய்வகத்தினர் முதலில் கருவி காட்டும் காற்றழுத்தத்தைத் தனி பாரோமீட்டரோடு (காற்றழுத்தமானி) ஒப்பிட்டுப் பாருங்கள். வானிலைச் செய்தியில் சொல்லும் அழுத்தம் கடல்மட்டத்துக்கு மாற்றியது, அதை அப்படியே கருவியில் போடாதீர்கள்.

ஆய்வக நுட்பநர், ஊட்டி