வாய்விட்டுச் சொல்லாத பூனை

அன்புள்ள நிலாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பெர்சியன் பூனைக்குட்டி வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். "அமைதியான ஜாதிம்மா, தொந்தரவே இருக்காது" என்று போனில் சொன்னாய். அமைதி என்பது உண்மைதான். தொந்தரவு இருக்காது என்றாயே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் பெர்சியன் பூனை மல்லியை நீ லீவுக்கு வரும்போது மட்டும்தான் பார்த்திருக்கிறாய். அலமாரி மேல் தாவுவது, திரைச்சீலையில் தொங்குவது எல்லாம் அவளிடம் கிடையாது. கால் குட்டை, உடம்பு கனம். கத்துவது அபூர்வம், கத்தினாலும் மெல்லிய குரல்தான். பழகிய ஆள், பழகிய இடம், பழகிய நேரம் வேண்டும் அவளுக்கு. விருந்தாளிகள் வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவாள். சாயங்காலம் நான் உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து என் கையில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். அந்தப் பிரியத்துக்கு ஈடே இல்லை, கண்ணு.

ஆனால் பசி, வலி, புழுக்கம் எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். எல்லாவற்றையும் நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முடியையே எடுத்துக்கொள். மேலே பளபளப்பாக இருக்கும். அடியில் இருக்கும் மெத்தென்ற முடி அக்குளிலும் வயிற்றிலும் காதுக்குப் பின்னாலும் சிக்கு விழுந்து கட்டியாகிவிடும். தோல் இழுபட்டு வலித்தாலும் பேசாமல் படுத்திருப்பாள். அதனால் ஸ்டீல் சீப்பால் அடிமுடி வரை தினமும் வார வேண்டும். சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டாதே. தோல் மெல்லியது, சேர்ந்து வெட்டுப்படும்.

விற்பவர்கள் முகம் தட்டையானதைப் பஞ்ச் ஃபேஸ், மூக்கு எடுப்பானதை டால் ஃபேஸ் என்று பிரித்து, பஞ்ச் ஃபேஸுக்கு அதிக விலை சொல்வார்கள். தயவுசெய்து அதை வாங்காதே. முகம் தட்டையாகத் தட்டையாக மூக்குத் துவாரம் சின்னதாகி மூச்சுக்குக் கஷ்டம், கண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும், பல்வரிசையும் கோணலாகும். ஒரு ஜீவன் மூச்சுக்குத் திணறுவதை அழகென்று விற்பது எனக்குப் பொறுக்கவில்லை. மூக்கு எடுப்பாக உள்ள குட்டியாகப் பார். அதற்கும் கண்ணோரத்தை ஈரத்துணியால் தினமும் துடைத்துவிட வேண்டும்.

ஈரான் பூனையா என்று மாப்பிள்ளை கேட்டாரே. 17ஆம் நூற்றாண்டில் பியெத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி ஈரானின் குராசான் பகுதியிலிருந்து நீளமுடிப் பூனைகளைக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். இன்றைய உருவத்துக்கு வளர்த்தெடுத்தது இங்கிலாந்தும் அமெரிக்காவும். சித்திரை வெயிலுக்கென்று வந்த உடம்பு இல்லை அது. நீங்கள் இருவரும் ஆபீஸ் போனபிறகு வேளச்சேரி ஃபிளாட் எப்படிக் கொதிக்கும் என்று உனக்கே தெரியும். ஓர் அறையாவது குளுமையாக இருக்க வேண்டும். நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்குவது சகஜம். பூனை அப்படி வாங்கினால் ஆபத்து, உடனே டாக்டரிடம் ஓடு.

அப்புறம் சிறுநீரகம். இந்த ஜாதியில் அதில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் உண்டு. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றுக்கு அந்த மரபணு இருந்தாலே குட்டிக்கு வரப் பாதி வாய்ப்பு. நோய் வெளியில் தெரிய வருஷக்கணக்கில் ஆகும். 2004இலேயே அதற்குக் காரணமான மரபணுக் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார்கள், பரிசோதனையும் இருக்கிறது. பெற்ற பூனைகளுக்கு டெஸ்ட் எடுத்தார்களா என்று கேள். மழுப்பினால் வேறு இடம் பார்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் இதைச் சொல்லிவை: பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடக் கூடாது, ஒரு மாத்திரையே உயிரைக் குடித்துவிடும். லில்லிப் பூவும் வீட்டுக்குள் வரக் கூடாது; அதன் மகரந்தம் பட்டு, நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லையா, கட்டிலுக்கடியிலேயே கிடக்கிறதா, நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதே. ஆண் பூனை சிறுநீர் போக முக்கி முக்கி ஒன்றும் வரவில்லை என்றால் அன்றைக்கே, ராத்திரியானாலும் கூட்டிப்போ.

குட்டிக்குப் பன்னிரண்டு வாரமாவது ஆகட்டும், அதுவரை தாயோடு இருக்கட்டும். பார்க்கப் போகிற அன்று எனக்கு வீடியோ கால் போடு. குட்டியைவிடத் தாய்ப்பூனையைத்தான் நான் முதலில் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா