அந்த ஐந்து நிமிடத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயாவுக்கும் சபைக் குழுவின் மூப்பர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

புனித வெள்ளியன்று மதியம் நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லாரும் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். நான் வழக்கம்போல் கடைசி வரிசை, மின்விசிறிக்குக் கீழே. அங்கிருந்து பார்த்தால் இப்போதெல்லாம் சிலுவை தெரிவதில்லை. லைவ் எடுக்க நிறுத்தியிருக்கும் முக்காலி மறைக்கிறது. அது கிடக்கட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு நடுவே இருந்த ஐந்து நிமிட மௌனத்தைத் திருப்பித் தாருங்கள்.

மலேசியாவில் சபாவிலும் சரவாக்கிலும் புனித வெள்ளி பொது விடுமுறை. நம் சிலாங்கூரில் அது வேலை நாள். எனக்கோ செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் வேலை. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் அவிக்க வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை இறங்கிவிடும். பழத்துக்குப் பண்டிகை தெரியாது. அதனால் வெள்ளி பகல் ஷிப்டை ஒரு நேப்பாளத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, வியாழன் இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை அவருடைய ஷிப்டை நான் பார்த்தேன். பெரிய வியாழன் நற்கருணை போயிற்று. இயேசுவின் சீடர்கள் கெத்செமனே தோட்டத்தில் தூங்கிப்போன அந்த இரவில் நான் குலை அவிக்கும் ஸ்டெரிலைசர் பக்கத்தில் கொட்டக் கொட்ட விழித்திருந்தேன், சம்பளத்துக்காக. வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பன்னிரண்டுக்கு ஆலயத்தில் இருந்தேன்.

பிரசங்கத்துக்காக மட்டும் நான் வரவில்லை (போதகர் ஐயா மன்னிக்க வேண்டும்). ஏழு வார்த்தைகளுக்கு நடுவே ஆறு இடைவெளி, மொத்தம் 30 நிமிடம். வருடத்தில் என்னை யாரும் கூப்பிடாத, எந்த இயந்திரமும் கத்தாத அரை மணி நேரம் அது ஒன்றுதான். அதற்காகத்தான் வந்தேன்.

முதல் இடைவெளியில் வீடியோ போட்டீர்கள். இரண்டாவதில் கீபோர்டு. மூன்றாவதில் குடும்ப தினத்துக்குப் பெயர் கொடுக்காதவர்கள் கொடுக்கலாம் என்று அறிவிப்பு. நான்காவதில் திரையில் கட்டட நிதிக் கணக்கு. ஐந்தாம் வார்த்தை, “தாகமாயிருக்கிறேன்.” வாசித்து முடித்ததும் யாரோ ஒருவருடைய போன் சினிமாப் பாட்டோடு அலறியது. அவர் பேசிக்கொண்டே வெளியே போனார். சரி, இப்போதாவது அமைதி என்று கண்ணை மூடினேன். ஒரு மூப்பர் மைக்கைப் பிடித்து, லைவில் பார்க்கிறவர்கள் மறக்காமல் லைக் போடுங்கள் என்றார்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். மிச்சம் இரண்டு வார்த்தைகளையும் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்துதான் கேட்டேன். மாடியில் இருக்கும் நம் ஆலயத்துக்குக் கீழே டயர் கடைக்காரர், மலாய்க்காரர், வெள்ளித் தொழுகைக்காகக் கடையை அடைத்துவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு அந்தக் கடைவரிசையிலேயே அமைதியான இடம் அவருடைய கடை வாசல்தான்.

என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். வெயில் ஏறினால் பால் ஓடாது என்று விடியுமுன்பே நிரைக்கு (தன் பங்கு மரவரிசைக்கு) போய்விடுவார். மரத்தையெல்லாம் வெட்டி முடித்தபின், மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) பால் சொட்டி நிறையும்வரை கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுவார். பக்கத்தில் புத்தகம் கிடையாது, பாட்டு கிடையாது, கொசு மட்டும் உண்டு. அப்புறம் தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே 1917-இல் நம் பக்கத்துத் தென்னமரத்தில் தொடங்கியதுதான். அம்மாவின் நிரைக்கு அது மெதுவாக வந்து சேர்ந்தது. செம்பனையில் காத்திருக்கும் நேரம் என்று ஒன்று இல்லை. குலையை வெட்டு, தூக்கு, உதிரியைப் பொறுக்கு, அவ்வளவுதான். அதனால்தான் லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பலகைக் கோயிலில் அந்த ஐந்து நிமிட மௌனத்தை அம்மா அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார். லயத்தைவிட்டு நாம் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தோம், கோயிலும் கடைவீட்டு மாடிக்கு வந்தது. மௌனமும் கூடவே வந்ததே. அதை எந்தக் கூட்டத்தில், யார் முன்மொழிந்து, யார் வழிமொழிந்து எடுத்தீர்கள்?

இளைஞர்கள் வர வேண்டும் என்பீர்கள். வரட்டும். டிரம்ஸ் மேல் எனக்குக் கோபமில்லை, அடிப்பது என் மகன்தான். ஆனால் ஒவ்வொரு பெஞ்சு முதுகிலும் காணிக்கைக்கு, போனில் பணம் அனுப்பும் டூயிட்நவ் கியூஆர் ஒட்டியது யார்? காணிக்கை போட எல்லாரும் போனை எடுக்கிறோம். எடுத்த போன் பைக்குள் திரும்பிப் போகிறதா? நானும் யோக்கியன் இல்லை. போன மாதம் பத்து ரிங்கிட் அனுப்பிவிட்டு, பந்து விளையாட்டு முடிவைப் பார்த்து, அண்ணன் மகள் கல்யாணப் படங்களைப் பார்த்து, நிமிர்ந்தால் ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று பிரசங்கம் எதைப் பற்றி என்று மனைவி கேட்டாள். ‘விசுவாசம்’ என்றேன். எதைப் பற்றி இருந்தாலும் அது பொருந்தும்.

சபை வாட்ஸ்அப் குழுவையும் சொல்லிவிடுகிறேன். காலை வணக்கத்துக்கு ரோஜாப்பூ, கொலாஜன், தண்ணீர் வடிகட்டி விளம்பரம், கடைசி காலம் எந்தத் தேதியில் என்ற ஆடியோ, அதற்கு நாற்பது ஆமென். இதற்கு நடுவில் ஒரு சகோதரியின் அறுவைச் சிகிச்சைக்கு ஜெபிக்கக் கேட்ட செய்தி எங்கேயோ புதைந்துவிட்டது. அவர் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் நான் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு வந்த ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) பேசிய முக்கால் மணி நேரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

ஆலையில் சராசரியாக ஒரு நாளைக்கு 85 டெசிபலுக்கு மேல் இரைச்சலில் யாரையும் வைக்கக்கூடாது என்று 2019-இல் விதி வந்துவிட்டது. காதடைப்பான் தருகிறார்கள், காதைச் சோதிக்கிறார்கள். ஆலைக்காரர்களுக்கு இருக்கும் அக்கறை ஆலயத்துக்காரர்களுக்கு வேண்டாமா? வேதத்தில் எலியா தீர்க்கதரிசி மலையில் நின்றபோது காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் போனபிறகுதான் மெல்லிய சத்தம் வந்தது. நம் சபையில் அக்கினி அணையும்போதே அறிவிப்பு தொடங்கிவிடுகிறது.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பு எனக்குத் தெரியும். ஒலிபெருக்கியைச் சுமந்து மாடி ஏறுகிறவர்கள் நீங்கள்தான். வீட்டோடு படுத்திருக்கும் பெரியவர்களுக்கு லைவ் வேண்டும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கேமரா இருக்கட்டும், பக்கவாட்டில் இருக்கட்டும். அந்த ஐந்து நிமிடம் வீட்டில் இருப்பவர்களும் எங்களோடு சும்மா இருக்கட்டும்.

தயவுசெய்து அடுத்த சபைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். அடுத்த புனித வெள்ளிவரை காத்திருக்க வேண்டாம். இந்த மாத நற்கருணை முடிந்ததும் ஐந்து நிமிடம், பாட்டில்லாமல், திரையில்லாமல், மைக்கில்லாமல் கொடுத்துப் பாருங்கள். யாராவது நேரம் பார்க்க வேண்டுமென்றால் என்னிடம் கைக்கடிகாரம் இருக்கிறது.

முடிவை மாடிப்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பில் போட வேண்டாம், நான் குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன்.

இப்படிக்கு,
கடைசி வரிசை, மின்விசிறிக்குக் கீழே உட்காருகிறவன்,
பத்தாங் பெர்ஜுந்தை (பெயர்ப்பலகைக்கு மட்டும் பெஸ்தாரி ஜெயா)