பித்தப்பை அறுவையில் ரூவியர் பள்ளம்: உறுப்பினர் கவனத்திற்கு

குழுவிலுள்ள அறுவை மருத்துவர்களுக்கும் முதுநிலைப் பயிற்சி மருத்துவர்களுக்கும் வணக்கம்.

லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமரா செலுத்திச் செய்யும் அறுவை) வழியே பித்தப்பையை அகற்றும்போது, அதன் நுனியை வலத் தோள் நோக்கித் தூக்கி, கழுத்துப் பகுதியை இடப்பக்கமாக இழுத்துப் பிடித்தவுடன், 1924இல் பிரெஞ்சு உடற்கூறியலாளர் ஆன்றி ரூவியர் விவரித்த பள்ளம் கல்லீரலின் வலது அடிப்பரப்பில் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். அதன் மேல்விளிம்பிலிருந்து கல்லீரலின் நான்காம் பகுதியின் அடிவரை மனத்தில் ஒரு கோடு வரைந்துகொண்டால், பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளம் பொதுவாக அக்கோட்டுக்குக் கீழேயே இருக்கும்; ஆகவே திசுப் பிரிப்பு முழுவதும் கோட்டுக்கு மேலேயே நடக்கட்டும். இப்பள்ளம் எல்லோரிடமும் தெளிவாக அமைவதில்லை என்பதால், நான்காம் பகுதியின் அடி, கல்லீரலின் இடப்பக்கத்திலுள்ள தொப்புள் பிளவு, முன்சிறுகுடல் ஆகியவற்றையும் கண்டுகொள்வது அவசியம்.

எனினும் இக்கோடு பிரிப்பைத் தொடங்குமிடத்தை மட்டுமே காட்டும், பித்தப்பையின் நாளத்துக்கும் தமனிக்கும் கிளிப் போட அனுமதி தராது. அதற்கு அறுவை மருத்துவர் ஸ்ட்ராஸ்பெர்க் 1995இல் வகுத்த பாதுகாப்புக் காட்சி வேண்டும்: பித்தப்பை நாளம், பொதுக் கல்லீரல் நாளம், கல்லீரலின் அடிப்பரப்பு ஆகியவற்றுக்கு இடையிலான முக்கோணத்திலுள்ள கொழுப்பும் நார்த்திசுவும் நீங்கி, பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரலிலிருந்து பிரிந்து, இரண்டே அமைப்புகள் (பித்தப்பையின் நாளமும் தமனியும்) பித்தப்பைக்குள் நுழைவது முன்னும் பின்னும் தெரிய வேண்டும். கடும் அழற்சியால் அக்காட்சி கிட்டாவிட்டால், மூத்தவரை அழையுங்கள். பகுதியளவு அகற்றலோடு நிறுத்துவதும் என் கருத்தில் முறையான, துணிவான முடிவே.