வைகை வரத்துக்காலில் இரு கண்மாய்களுக்கும் தண்ணீர் பிரியும் இடத்தைச் சீரமைக்கக் கோரும் கூட்டு மனு

அனுப்புநர்
மேல்கண்மாய், கீழ்க்கண்மாய் ஆயக்கட்டு விவசாயிகள்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு வருவாய் கோட்டாட்சியர் அவர்கள்,
சிவகங்கை.

ஐயா,

வணக்கம். இம்மனுவில் இரு ஊராரும் சேர்ந்தே கையெழுத்திட்டுள்ளோம். தண்ணீர்ப் பங்கில் தகராறு வரும்போதெல்லாம் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கிறது, எழுதியும் வாங்குகிறார்கள். அடுத்த தண்ணீருக்கு மறுபடி கடப்பாரை வெளியே வருகிறது. பேசித் தீராததற்குக் காரணம் கட்டுமானத்தில் இருக்கிறது.

கால் (வாய்க்கால்) பிரியும் இடத்தில் இரண்டு கண்களின் (தண்ணீர் போகும் திறப்புகளின்) அகலம் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலப் பரப்பின் விகிதப்படிதான் உள்ளது. ஆனால் மேல்கண்மாய்க் கண்ணின் அடிமட்டம் 10 செ.மீ. தாழ்ந்துவிட்டது. உயர்ந்த கண்ணில் 30 செ.மீ. தண்ணீர் ஓடினால் தாழ்ந்த கண் ஒரே அகலத்துக்கு அதைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கும். உயர்ந்த கண்ணில் 10 செ.மீ. மட்டும் ஓடும்போது ஏறக்குறைய மூன்று மடங்கு. வெள்ளக் காலத்தில் யாரும் சண்டை போடாமல், தண்ணீர் சுருங்கும்போது மட்டும் அரிவாள் தூக்குவது இதனால்தான்.

எனவே லெவல் கருவி வைத்து இரு அடிமட்டங்களையும் ஒரே மட்டமாக்கி, மேலே கருங்கல் பதிக்க வேண்டும். வெறும் சிமெண்டு பூச்சு ஒரு போகத்துக்குக்கூட நிற்காது. கடப்பாரை ஒன்று போதும். கண்களுக்குக் கீழே இரு கால்களிலும் 50 மீட்டருக்குத் தூர் வார வேண்டும். மண் மேடிட்டால் தண்ணீர் எதிர்த்து நின்று, மட்டம் சரியாக இருந்தும் பங்கு கெடும்.

திருகு ஷட்டர் தயவுசெய்து வேண்டாம். சாவி யாரிடம் என்பதே அடுத்த வழக்காகும். பலகை போடக் காடி மட்டும் வெட்டினால் போதும். ஓட்டம் 15 செ.மீ.க்குக் கீழே போனால் பிரித்து விடுவதில் பயனில்லை, இரண்டு காலிலும் மணலே குடித்துவிடும். அப்போது ஒரு கண்ணைப் பலகையால் அடைத்து முறை வைத்து விடலாம். முறை நேரத்தைப் பலகை எடுத்த நேரத்திலிருந்து எண்ணாமல், கண்மாய் வாயில் தண்ணீர் தொட்ட நேரத்திலிருந்து எண்ண வேண்டும். காய்ந்த கால் நனையவே பல மணி நேரம் போய்விடும். கீழூராரின் பழைய ஆதங்கம் இது. ஊருக்கு ஒரு நீர்ப்பாய்ச்சி (தண்ணீர் திறந்துவிடுபவர்), இருவரும் ஒரே நோட்டில் கையெழுத்து என்பதற்கு நாங்கள் சம்மதிக்கிறோம்.

மேல்கண்மாய் ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைவு என்பதால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு; கீழ்க்கண்மாய் நீர்வளத்துறையின் பொறுப்பு. இரு தரப்புப் பொறியாளர்களும் சர்வேயரும் ஒரே நாளில் வந்து எங்கள் முன்னிலையில் அளக்கவும், மேல்கண்மாயின் உபரி நீர் வழியும் கலுங்கின் மீது அடுக்கிய மணல் மூட்டைகளை அன்றே அகற்றவும் தாங்கள் ஆணையிட வேண்டுகிறோம். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் காலில் வேலை செய்ய முடியாது. ஆகவே புரட்டாசிக்குள் பணி முடியுமாறு ஆவன செய்யக் கோருகிறோம்.

இப்படிக்கு,
இரு ஊர் ஆயக்கட்டுதாரர்கள்

இணைப்பு: சிட்டா நகல்கள், கால் பிரியும் இடத்தின் புகைப்படங்கள்